குடிப்போனின் ஈரலைக் காத்தல்: ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் அதிகார வரிசையிலே கள்ளுண்ணாமை 93ஆவது, மருந்து 95ஆவது. இரண்டுக்கும் நடுவிற் சூது இடம்பெறுகின்றது. இவ்வைப்புக்கு உரையாசிரியர் கூறும் இயைபு எதுவாயினும் ஆகுக. குடியை விடாமலே குடியின் கேட்டிலிருந்து தப்பும் வழியை மருந்திடம் எதிர்பார்ப்பவன் ஆடுவதும் ஒருவகைச் சூதே. தாவரங்களிலிருந்து பெறப்படும் பல்சக்கரைட்டுகள் மதுவினால் ஈரலுக்கு நேரும் சேதத்தைத் தடுக்கக்கூடும் என்னும் கருத்து, கடந்த கால் நூற்றாண்டாக ஆய்வுகூடங்களில் வலுப்பெற்று வந்துள்ளது. அது முற்றாக மெய்ப்படுமாயின் ஒரு பழைய வினா புதிய வடிவில் எழும். குடித்துக்கொண்டே இருப்பவனுடைய ஈரலைக் காத்துக் கொடுப்பது அறமா? அன்றி, அவனுடைய குடிக்குத் துணைபோவதா?

இவ்வினாவை வெறுவெளியில் வைத்து ஆராய்வதிலும் ஓர் ஊரில் வைத்து ஆராய்வது பயன்தரும். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பும் கடலும் கூடுமிடத்திலே கொக்கிளாய் அமைந்துள்ளது. அதன் களப்பு 1951இற் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பறவைகளுக்கு வாய்த்த அக்காவல் மனிதருக்கு வாய்க்கவில்லை. 1984இன் இறுதியிலே அவ்வூர்த் தமிழ் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது; போர் முடிவுற்ற 2009இன் பின்னரே அவர்கள் மீளக் குடியமர முடிந்தது. அக்கரையிலே ஒரு மீனவனைக் கற்பனையில் நிறுத்துக. பத்து வயதில் ஊரை விட்டுப் போனவன்; முப்பத்தைந்தைக் கடந்தபின் திரும்பியவன்; சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றுக் கரைவலை இழுப்பவன். வலை கரையேறியதும் சாராயம் அவனுக்கு வேண்டும். இரத்தப் பரிசோதனையைக் கண்ட வைத்தியர் ஈரல் பழுதடையத் தொடங்கிவிட்டது, குடியை நிறுத்து என்கிறார். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றவன் அவன். அவன் கையில் ஒரு தாவரத் தூளைக் கொடுக்கலாமா? இவன் கற்பனை மனிதனே. ஆயின் இவனை ஒத்தோர் இல்லாத கரையோர ஊர் இலங்கையில் அரிது.

முதலில் அத்தூள் யாது என்பதை அறிதல் வேண்டும். வெல்ல மூலக்கூறுகள் நீண்ட தொடராக இணைந்து உருவாவனவே பல்சக்கரைட்டுகள். அரிசியின் மாப்பொருளும் பருத்தியின் செலுலோசும் பழங்களின் பெக்டினும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. மாப்பொருளை மனிதன் சமிபாடடையச் செய்கின்றான். பெக்டின் போன்றவற்றைப் பிரிக்கும் நொதியமோ அவனுடலில் இல்லை. அவை உருக்குலையாமற் பெருங்குடலை அடைந்து அங்கு வாழும் பற்றீரியாக்களுக்கு உணவாகின்றன. ஈரலின் நோய்க்கு மருந்தைக் குடலிலே தேடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனாற் குடலிலிருந்து புறப்படும் குருதி ஈரல்வாயினாளத்தின் வழியே நேராக ஈரலுக்கே செல்கின்றது என்பதை நினைவிற் கொண்டால் விந்தை நீங்கும். குடலின் குற்றம் எதுவாயினும் அதன் முதல் தண்டனையை அனுபவிப்பது ஈரலே.

மது ஈரலை இருவழியாகத் தாக்குகின்றது. ஒன்று நேர்வழி. எதனோலை ஈரற் கலங்கள் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. அது கலங்களின் புரதங்களோடு பிணைந்து அவற்றைக் கெடுக்கின்றது. கொழுப்பு எரியாது கலங்களிலே தேங்குகின்றது. மற்றையது சுற்றுவழி. இடையறாத குடியினாற் குடற்சுவரின் கலங்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்திருக்கும் பொருத்துகள் தளர்கின்றன. அந்நெகிழ்வினூடே குடற் பற்றீரியாக்களின் புறச்சுவரிலுள்ள நச்சுக் கூறுகள் கசிந்து ஈரலை அடைகின்றன. அங்குக் காவல்புரியும் குப்பர்க் கலங்கள் பகைவன் நுழைந்தான் என்று கொண்டு அழற்சியை மூட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் நீளும் அவ்வழற்சி, ஈரலைத் தழும்பேற்றி இறுகச் செய்து சிரோசிசு என்னும் மீளா நிலைக்குக் கொண்டுசெல்கின்றது. தாவரப் பல்சக்கரைட்டுகள் பெரிதும் இச்சுற்றுவழியிலேயே குறுக்கே நிற்கின்றன. பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது பியூற்றிரிக்கமிலம் முதலாய சிறு கொழுப்பமிலங்கள் தோன்றுகின்றன. அவை குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகித் தளர்ந்த பொருத்துகளை இறுகச் செய்கின்றன.

இக்கருத்துக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 2001இற் சிக்காகோவைச் சேர்ந்த கேசவர்சியனும் உடன் ஆய்வாளரும், மது ஊட்டப்பட்ட எலிகளுக்கு ஓட்ஸ் கலந்த உணவு கொடுத்தபோது குடற்கசிவும் ஈரற் சேதமும் குறைந்தமையைக் காட்டினர். 2017இற் பிரான்சிலே வெளிவந்த ஆய்வொன்று, பெக்டின் ஊட்டப்பட்ட சுண்டெலிகளின் குடற் பற்றீரியாக் கூட்டம் சீர்பெற்று அவை மதுவின் கேட்டிலிருந்து தப்பியமையைக் காட்டியது. சீனத்திலே கோஜிக் கனியின் பல்சக்கரைட்டு பற்றி இவ்வகை ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன.

எலியைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுதல் வேண்டும். எலி தானாக மதுவை நாடுவதில்லை. நாடினும் அதனுடல் மதுவை விரைவிலே தீர்த்துவிடும். அதன் ஈரல் மதுவினாற் சிரோசிசு நிலையை அடைவதும் மிக அரிது. எனவே ஆய்வாளர் மதுவை அதன் திரவ உணவிலே கலந்து, வேறு உணவில்லாத நிலையில் உண்ணச் செய்கின்றனர். கொக்கிளாய் மீனவனுக்கும் அவ்வெலிக்கும் உள்ள வேறுபாடு உடலமைப்பில் மட்டும் உள்ளதன்று. எலிக்கு அடுத்த நாட் காலையிற் குற்றவுணர்ச்சி இல்லை, கடன் இல்லை, அழும் பிள்ளையும் இல்லை. ஆய்வுகூடத்தில் ஈரலே முழு உயிரியாகிவிடுகின்றது.

நல்ல உணவோடு குடித்தால் ஈரலுக்குக் கேடில்லை என்னும் நம்பிக்கை தவறணையில் மட்டும் நிலவியதன்று. ஒருகாலத்தில் மருத்துவ நூல்களிலும் நிலவியது. குடிகாரனின் ஈரல் கெடுவது போசணைக் குறைவினாலே, மதுவினாலன்று என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புகழ்பெற்ற அறிஞரும் எழுதினர். 1974இல் உரூபின், லீபர் ஆகியோர், போதிய போசணையுள்ள உணவோடு மது அருந்திய பபூன் குரங்குகளுக்கும் சிரோசிசு உண்டாயிற்று எனக் காட்டிய பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது. பல்சக்கரைட்டுத் தூள் அப்பழைய நம்பிக்கையைப் புதிய உறையிலிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக ஆகிவிடலாகாது.

தாவரம் என்றவுடன் தீங்கற்றது எனக் கொள்வதும் தமிழர் நடுவே ஆழ வேரூன்றிய ஒரு மயக்கமாகும். காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லி என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். 1988இற் சென்னையைச் சேர்ந்த தியாகராசனும், நோபல் பரிசு பெற்ற புளும்பேக்கும் பிறரும் இணைந்து வெளியிட்ட ஆய்விலே, ஈரலழற்சி பி வைரசைக் காவிய 37 பேருக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுத்தபோது 22 பேரின் குருதியில் அவ்வைரசின் அடையாளப் புரதம் மறைந்தது; போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகு வியந்தது. பின்னர் வேறு நாடுகளிற் செய்த சோதனைகளில் அப்பெறுபேறு மீளக் கிட்டவில்லை. சீந்திலின் கதை இன்னும் கசப்பானது. நோயெதிர்ப்பைத் தூண்டும் பல்சக்கரைட்டு உடையதெனப் போற்றப்பட்ட அக்கொடியைக் கொவிட் காலத்திலே நாள்தோறும் அருந்திய சிலருக்கு ஈரலே அழற்சியுற்றமையை 2021இல் மும்பை மருத்துவர் அறிவித்தனர். காவலனாக அழைக்கப்பட்டவன் கன்னமிட்ட கதை அது. ஆதலால் அம்மீனவனிடம் தூளைக் கொடுப்போர்க்கு முதற்கடன் உண்மை உரைத்தல். விலங்குகளிற் கண்டது இது, மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லாது கொடுப்பவர் மருத்துவராயினும் வணிகராயினும் ஒருதரத்தவரே.

இனி, மருந்து மெய்யாகவே பயன் தருவதெனக் கொண்டு அறவினாவுக்கு வருதல் வேண்டும். பயன்தராத மருந்தைத் தடுக்க அறநூல் வேண்டியதில்லை.

மருந்தை மறுப்போர் கூறும் முதற் காரணம், அச்சம் நீங்கினாற் குடி பெருகும் என்பது. இதன் அடியிலே, நோய் ஒரு நல்லாசிரியன் என்னும் எண்ணம் மறைந்துள்ளது. இவ்வெண்ணத்தின் கொடிய வடிவத்தை வரலாறு ஒருமுறை கண்டது. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தே, கைத்தொழில் மதுசாரத்தை எவரும் குடியாதிருக்கும் பொருட்டு அதனிற் கலக்கும் மெதனோலின் அளவை 1926இன் இறுதியில் அரசே கூட்டுவித்தது. குடித்தோர் பலர் மாண்டனர். மென்மையான வடிவம் மருத்துவத்திலேயே உண்டு. 1948இல் தென்மார்க்கில் அறிமுகமான டைசல்பிராம் என்னும் மருந்து, குடித்தவனுக்கு உடனே குமட்டலையும் படபடப்பையும் வருவித்து அவனைத் தடுக்கின்றது. எனினும் அது அவன் விரும்பி ஏற்கும் தடை. குடித்த அக்கணத்திலேயே பேசும் தடை. ஈரலோ அவ்வாறு பேசுவதில்லை. பெரும்பகுதி கெடும் வரை அது வலியாலும் உணர்த்தாத உறுப்பு. வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகும்போது பாடம் முடிந்துவிடுகின்றது; மாணவனும் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றான். மேலும், நெடுநாட் பெருங்குடியரிலே பத்தில் ஒருவர் அல்லது இருவரே சிரோசிசு நிலையை அடைகின்றனர். எஞ்சியோரின் தப்புதலுக்குப் பரம்பரையும் ஒரு காரணம். பத்தில் எட்டுப் பேரைத் தண்டியாது விடுவதும், தண்டிப்போரையும் முன்னறிவிப்பின்றித் தண்டிப்பதுமான ஒன்றை அறத்தின் ஆசிரியனாகக் கொள்ளல் பொருந்தாது.

இரண்டாவது காரணம் வலியது. தானே தேடிக்கொண்ட நோய்க்குப் பிறர் பொறுப்பேற்பது ஏன் என்பது அது. அரிசுத்தோத்தல் தமது அறவியல் நூலிலே, குடிவெறியிற் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை விதித்த பிற்றக்கசின் சட்டத்தைக் குறிப்பிடுகின்றார். ஒழுங்கற்ற வாழ்வினால் நோயுற்றவன் பின்னர் விரும்பினும் நலமுறான். எறிந்த கல்லை மீட்க இயலாது. ஆயினும் எறியாதிருத்தல் தொடக்கத்தில் அவன் கையிலேயே இருந்தது என்பது அவர் வாதம். ஈரல் மாற்றுச் சிகிச்சை தோன்றியபின் இவ்வாதம் நூலிலிருந்து வைத்தியசாலைக்கு வந்தது. 1991இல் மொஸ், சீக்லர் ஆகியோர், கொடையாகக் கிடைக்கும் ஈரல்கள் மிகச் சிலவாதலாற் குடியினாற் கெட்டவர்க்கு முன்னுரிமை குறைய வேண்டும் என்றனர். அதே ஆண்டில் கோகனும் பெஞ்சமினும், பிற நோயாளரின் ஒழுக்கத்தை ஆராயாத மருத்துவம் குடிப்போனிடம் மட்டும் நீதிபதியாவது ஏன் என மறுத்தனர். 2011இற் பிரான்சிலும் பெல்சியத்திலும், கடும் மதுவழி ஈரலழற்சியுற்ற 26 பேருக்கு மதுவிலிருந்து நீங்கியிருக்கும் காலத்தை எதிர்பாராமலே ஈரல் மாற்றப்பட்டது. ஆறு மாத முடிவில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 77. மாற்றுப் பெறாத ஒத்த நோயாளருள் நூற்றுக்கு 23. பின்னர் குடிக்குத் திரும்பியோர் மூவரே.

இவ்விவாதத்தின் கூர்மையெல்லாம் ஈரலின் அருமையிலிருந்தே பிறக்கின்றது. ஒருவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனுக்கு இல்லை. பெக்டினோ தோடம்பழத் தோலிலிருந்தும் அப்பிள் சக்கையிலிருந்தும் பெறப்படுவது. அதனைக் குடிப்போனுக்குக் கொடுப்பதாற் குடியாதவன் ஒருவன் இழப்பது யாதுமில்லை. ஆகவே தகுதி பற்றிய வினா இங்கு எழுவதற்கே இடமில்லை. எஞ்சி நிற்பது, அவன் துன்புறுதல் தகும் என்னும் மனநிறைவு ஒன்றே. அதற்கு நீதி என்று பெயரிடல் இயலாது.

எறிந்த கல் பற்றியும் ஒன்று கூறற்பாலது. கொக்கிளாயிலே முதற்கல்லை எறிந்தவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம், போர் தனிமனிதனை மட்டுமன்றிச் சமூகம் முழுவதையும் வடுப்படுத்துவதை விரிவாக எழுதி, அவ்வடுவின் வெளிப்பாடுகளுள் மதுப்பழக்கத்தையும் சேர்த்துக் காட்டியுள்ளார். பத்து வயதில் ஊரிழந்தவனிடம் தொடக்கத்தில் யாவும் உன் கையில் இருந்தன எனக் கூறுதல் அரிசுத்தோத்தலுக்கும் ஒவ்வாது. எனினும் இவ்விளக்கத்தை ஓரளவுக்கு மேல் நீட்டுதலும் தவறு. அவனுடைய மனைவியும் அதே ஆண்டுகளிற் பிறந்த ஊர் விட்டவள், அதே முகாம்களிற் படுத்தவள், அவள் குடிப்பதில்லை. துயரம் குடியை விளங்கிக்கொள்ள உதவும். குடிப்போனை மணந்தவளுக்கு விடை கூற உதவாது.

வள்ளுவரிடம் மீள்வது இங்குப் பொருந்தும். கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படிப்போர் வியக்கத்தக்க செய்தி, அதிலே உடல்நோய் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பது. கள்ளை நஞ்சோடு ஒப்பிடும் இடம் உண்டு. ஆயின் பெற்ற தாயின் முகம், சான்றோர் மதிப்பு, நாணத்தின் நீக்கம், ஊரார் நகை, விலை கொடுத்து அறியாமையை வாங்கும் பேதைமை என்பனவே அவருடைய பெருங்கவலைகள். குடிப்போனின் ஈரல் இரும்பினாலானது என வைத்துக்கொண்டாலும் அவ்வதிகாரம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். மருந்தை எதிர்ப்போரும் மருந்தை விற்போரும் தவறுமிடம் இதனால் தெளிவாகின்றது. ஈரல் கெடுவதனாலேயே குடி தீது என எண்ணுகின்றார் முன்னவர். ஆகவே ஈரல் கெடாதுபோனாற் சொல்வதற்கு ஒன்றுமின்றிப் போகும் என அஞ்சுகின்றார். ஈரல் கெடாவிடிற் குடி தீதன்று என எண்ணச் செய்கின்றார் பின்னவர். இருவரும் தீமையை ஒரே உறுப்பினுள் அடைத்துவிட்டனர். சம்மாட்டியின் கடனும், பாடசாலைக்குப் போகாத பிள்ளையும், இரவிலே எழும் கையும் அவ்வுறுப்புக்கு வெளியே உள்ளன. உடலையே எடுத்துக்கொண்டாலும், தொண்டை, உணவுக்குழாய், மார்பு முதலாய இடங்களின் புற்றுநோயோடு மதுவுக்குத் தொடர்புண்டு. எந்தத் தூளும் அவ்விடங்களுக்குக் காவலாவதாகத் தெரியவில்லை.

ஆகையால் ஈரலுக்குக் காவல் தருவது தகும். அதனைக் குடிக்கு அனுமதிச் சீட்டாக்குவது தகாது. இவ்வேறுபாடு சொல்லளவில் எளிது. நடைமுறையிலே காவல் எங்கே வைக்கப்படுகின்றது என்பதனாலேயே அது தீர்மானிக்கப்படும். இதற்குத் தக்க முன்னுதாரணம் தயமின் என்னும் விற்றமினின் வரலாறு. அதன் குறைவினாற் பெருங்குடியரின் மூளை கெட்டு நினைவு அழிகின்றது. மதுபானங்களிலேயே தயமினைச் சேர்த்துவிடலாம் என 1978இல் அமெரிக்க மருத்துவர் இருவர் முன்மொழிந்தனர், அது நிறைவேறவில்லை. அவுத்திரேலியாவோ 1991இற் பாண் மாவிலே தயமின் சேர்ப்பதைச் சட்டமாக்கிற்று. பின்னர் நடந்த பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் அந்நோய் குறைந்திருக்கக் காணப்பட்டது. பொருள் ஒன்றே. போத்தலிற் சேர்ந்தால் அது விளம்பரமாகும். பாணிற் சேர்ந்தால் உணவாகும். ஈரலைக் காக்கும் நார் கலந்தது என முத்திரையிட்ட சாராயப் போத்தல் ஒன்று நாளை கடைக்கு வருமாயின், மதுவரியை எண்ணிக்கொண்டிருக்கும் எந்த அரசும் அதைத் தடுக்க விரையும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மருந்து அதிகாரத்தின் இறுதியிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுக்கின்றார்: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திருந்து பேணுவோன். ஆய்வுகூடம் மூன்றாவதைத் தருகின்றது. நான்காவது கொக்கிளாயில் பெரும்பாலும் ஒரு பெண். அவள் முன்னுள்ள இக்கட்டு மெய்யியல் நூல்களில் அதிகம் பேசப்படாதது. தூளைக் கையிற் கொடுத்தால் அவன் அதைக் காட்டியே இன்னொரு போத்தல் வாங்கக்கூடும். ஆகவே சொல்லாமலே ஒடியற் கூழிற் கலந்துவிடலாமா என அவள் எண்ணுகின்றாள். அவுத்திரேலியா ஒரு நாட்டுக்கே செய்ததை ஒரு மனைவி ஒரு வீட்டுக்குச் செய்யலாகாதா? ஆயின் அங்கே சட்டம் வெளிப்படையாக இருந்தது. எவரும் அதை அறியலாம், எதிர்க்கலாம். இங்கே கணவன் அறியமாட்டான். அறிந்த நாளில், உண்ணும் உணவிலும் நம்பிக்கை இழந்தவனாகக்கூடும். மறைத்தல் அவனைக் குழந்தையாக்கும். சொல்லுதல் அவனுக்குச் சாக்காகும். சொல்லிக் கொடுப்பதே நேரியது எனத் தோன்றினும், அதன் விலையைச் செலுத்துபவள் அறிவுரை கூறுவோரல்லள், அவளே என்பதை மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. பல்சக்கரைட்டு என்னும் சொல்லைக் கேளாமலே அவள் ஒடியல் மாவையும் கீரையையும் மீனையும் ஒரு பானையிலிட்டுக் கூழ் காய்ச்சி வந்திருக்கின்றாள். அக்கூழை ஈரலுக்கு மருந்தென்று கூறுதல் தகாது. வெறியோடு படலை திறந்து வந்தவனுக்கும் அவள் அதில் ஒரு கோப்பை ஊற்றிவைத்தாள். அவனுடைய குடிக்கு அவள் உடன்பட்டாள் என்று அதைக் கண்ட அயலார் எவரும் கொள்ளவில்லை.